நீர்முறை அட்டவணை கைத்தொலைபேசியில் ஒழுங்காகத் தெரிவதற்கு என்ன செய்ய வேண்டும்?

வரம்போரம் எழுதியது:

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் நெற்செய்கை பண்ணுகின்ற கமக்காரர் அமைப்பொன்றுக்கு நான் ஓர் இணையத்தளம் செய்து வருகின்றேன். எங்கள் வீட்டு வயலும் அந்த வாய்க்காலில்தான் இருக்கின்றது. காலபோகத்தைப் பெரும்பாலும் மழை பார்த்துக்கொள்ளும். சிறுபோகத்திலோ குளத்து நீரை முறைவைத்துத்தான் விடுவார்கள் என்பதால், எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அந்த அட்டவணையையே தளத்தின் முதற்பக்கமாக வைத்திருக்கின்றேன்.

அட்டவணையில் ஏழு நிரல்கள் இருக்கின்றன: வாய்க்காலின் பெயர், வயற்பகுதி, ஏக்கர், திறக்கும் நாள், திறக்கும் நேரம், மூடும் நேரம், பொறுப்பானவரின் தொலைபேசி இலக்கம். 1366 பிக்சல் அகலமுள்ள என் மடிக்கணினியில் எல்லாம் நேர்த்தியாகத் தெரிகின்றது. கைத்தொலைபேசியில் திறந்தால் முழுப்பக்கமும் தபால் முத்திரை அளவுக்குச் சுருங்கிவிடுகின்றது. அகலம் 768 பிக்சலுக்குக் குறைந்தால் எழுத்து பெரிதாக வேண்டும், பக்கப்பட்டி கீழே போக வேண்டும் என்று மீடியா குவரி (திரையின் அகலத்துக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் விதி) எழுதியிருக்கின்றேன். மடிக்கணினியில் உலாவியின் சாளரத்தை ஒடுக்கிப் பார்த்தால் அந்த விதி வேலை செய்கின்றது. தொலைபேசியில் மட்டும் அது எழுதப்படாதது போலவே இருக்கின்றது. அதற்கான காரணம் எனக்குப் பிடிபடவில்லை.

இதை அவசரமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சென்ற முறையில் என் பெரியப்பா பின்னேரம் வரம்பில் நின்றபடி, சேற்றுக்கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, இரண்டு விரலால் இந்த அட்டவணையைப் பெரிதாக்கிப் பார்த்தார். பெரிதாக்கியதும் இடப்பக்கமிருந்த வாய்க்காலின் பெயர் திரைக்கு வெளியே போய்விட்டது. நேரத்தைத் தேடி வலப்பக்கம் தள்ளிக்கொண்டு போனவர், தம்முடைய நிரைக்கு அடுத்த நிரையை வாசித்துவிட்டார். அவர் ஒரு நாள் பிந்திப் போனபோது தண்ணீர் அடுத்த வாய்க்காலுக்குத் திரும்பிவிட்டது. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைச் செய்தவன் நான்.

இன்னுமொரு கேள்வியும் உண்டு. அமைப்பின் அறிவித்தல்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கடிதங்கள். அவற்றைப் படமெடுத்துப் போட்டிருக்கின்றேன். தொலைபேசியில் அவையும் வாசிக்க முடியாதபடி சுருங்குகின்றன. கைத்தொலைபேசிக்கென்று வேறாக ஒரு தளம் செய்வதுதான் வழியா? தெரிந்தவர்கள் உதவுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.


அறிவியல்நகர் எழுதியது:

தம்பி, வேறு தளம் செய்ய வேண்டாம். இரண்டு தளம் இருந்தால் ஒன்றில் திருத்திய நேரம் மற்றதில் திருத்தப்படாமற் கிடக்கும் நாள் கட்டாயம் வரும். நீர்முறை விடயத்தில் அது சுருங்கிய எழுத்தைவிடக் கேடானது. ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் இசைந்துகொடுக்கும்படி செய்யலாம். 2010இல் எத்தன் மார்க்கோட் என்ற வடிவமைப்பாளர் இதற்கு ரெஸ்பொன்சிவ் வெப் டிசைன் என்று பெயர் சூட்டி, விகிதத்தில் விரியும் கட்டங்கள், கொள்கலனை மீறாத படங்கள், மீடியா குவரி ஆகிய மூன்றையும் ஒன்றுசேர்த்துக் காட்டினார். இன்றுவரை நாம் செய்வது பெரும்பாலும் அதன் தொடர்ச்சிதான்.

நீங்கள் சொன்ன அறிகுறியை வைத்துப் பார்த்தால் முதற்பிழை எதுவென்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். மடிக்கணினியில் சாளரத்தை ஒடுக்கும்போது வேலை செய்கின்ற விதி தொலைபேசியில் வேலை செய்யவில்லையென்றால், பக்கத்தின் தலைப்பகுதியில் வியூபோர்ட் மெட்டா குறிச்சொல் (பக்கத்தை எந்த அகலத்தில் அடுக்க வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் வரி) இல்லை என்பதே பொருள். 2007இல் ஐபோன் வந்தபோது இணையப்பக்கங்கள் எல்லாம் கணினித் திரையை எண்ணிச் செய்யப்பட்டவையாக இருந்தன. ஆகவே அதன் உலாவி, பக்கத்தை 980 பிக்சல் அகலமுள்ள ஒரு கற்பனைத் திரையில் அடுக்கிவிட்டு, அதன்பின் கண்ணாடியின் அளவுக்குச் சுருக்கிக் காட்டியது. அன்ட்ரொய்ட் உலாவிகளும் அதே வழக்கத்தைப் பின்பற்றின. நீங்கள் வேறுவிதமாகச் சொல்லாதவரை உங்கள் பக்கத்தின் அகலம் 980 என்றே உலாவி எண்ணிக்கொள்கின்றது. 980 என்பது 768இலும் பெரியது. எனவே உங்கள் விதிக்கு அங்கே வேலையே வருவதில்லை. மெட்டா குறிச்சொல்லுக்கு வியூபோர்ட் என்று பெயரிட்டு, அகலம் கருவியின் அகலமே என்றும் தொடக்கப் பெரிதாக்கம் 1 என்றும் அதில் எழுதுங்கள். பெரிதாக்குவதைத் தடுக்கும் சொற்களைச் சிலர் கூடவே ஒட்டிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். கண் மங்கிய ஒருவர் இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கும் உரிமையைப் பறிக்க நமக்கு எந்த நியாயமும் இல்லை.

அந்த வரியைச் சேர்த்தவுடன் பக்கம் இன்னும் மோசமாகத் தெரியக்கூடும். பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. இதுவரை சுருக்கத்துக்குள் ஒளிந்திருந்த நிலையான அகலங்கள் அப்போதுதான் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வெளிப்பெட்டிக்கு 1200 பிக்சல் என்று அகலம் கொடுத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, அகலம் முழுவதும் என்றும் மேக்ஸ்-விட்த் (உச்ச அகலம்) 1200 என்றும் மாற்றுங்கள். கடைப்பெட்டியில் 1080 பிக்சல் என்று போட்டிருக்கும் தொலைபேசிக்கும் உங்கள் விதியில் வருகின்ற பிக்சலுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே மனத்தில் வைத்திருக்க வேண்டும். சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) கணக்கில் வருவது திரையின் நுண்புள்ளி அன்று. 1080 புள்ளி அகலமுள்ள திரை மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இயங்கினால் அது உங்கள் விதிக்கு 360 பிக்சல்; 720 புள்ளியுள்ள மலிவான தொலைபேசி இரண்டுக்கு ஒன்று என்று இயங்கினால் அதுவும் 360 பிக்சல்தான். நம்மூரில் கையில் இருக்கின்ற பல தொலைபேசிகள் அந்த அளவைச் சுற்றியே நிற்கின்றன.

ஆனாலும் 360 என்ற எண்ணை விதியில் எழுதச் சொல்லவில்லை. தொலைபேசி இத்தனை, டப்லெட் இத்தனை, மடிக்கணினி இத்தனை என்று இணையத்தில் கிடைக்கும் எண்களைக் கொண்டுவந்து ஒட்டுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. 768 என்ற எண்ணும் அப்படி வந்ததுதான். அது முதல் ஐபாட்டை நிமிர்த்திப் பிடித்தால் வருகின்ற அகலம். உங்கள் வாய்க்கால் அட்டவணைக்கும் ஐபாட்டுக்கும் என்ன உறவு? உலாவியை 320 பிக்சலுக்கு ஒடுக்கி, ஒற்றை நிரலில் எந்த மீடியா குவரியும் இல்லாமல் பக்கம் முழுமையாக வாசிக்கக்கூடியதாக இருக்கும்படி முதலில் எழுதுங்கள். பின்பு சாளரத்தை மெல்ல மெல்ல விரித்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் வரி மிக நீளமாகி, கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடத் தொடங்குகின்றதோ, எந்த இடத்தில் பக்கத்தில் இன்னொரு பெட்டி வைக்குமளவுக்கு வெறுமை சேர்கின்றதோ, அங்கே மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) விதியை இடுங்கள். அந்த எண்ணைப் பிக்சலில் எழுதாமல் 'எம்' என்ற அலகில் (எழுத்தளவைப் பொறுத்தது; வழக்கமாக ஓர் எம் 16 பிக்சல்) எழுதினால், உலாவியில் எழுத்தளவைக் கூட்டி வைத்திருப்பவருக்கு அமைப்பும் அதற்கேற்ப முன்கூட்டியே ஒற்றை நிரலுக்குத் திரும்பும்.

இனி அட்டவணை. என் பார்வையில் உங்கள் கேள்வியின் உயிர்நிலை இதுதான். அட்டவணையைக் குறுகிய திரையில் காட்டப் பலர் பல உத்திகளைச் சொல்வார்கள். எதைத் தெரிவது என்பது, வாசிக்கின்றவர் அதில் எதைத் தேடுகின்றார் என்பதைப் பொறுத்தது. உங்கள் பெரியப்பா இருபது வாய்க்கால்களை ஒப்பிடவில்லை. தம்முடைய ஒரு வாய்க்காலின் நாளையும் நேரத்தையும் தேடினார். ஆகவே ஒவ்வொரு நிரையும் தனித்தனி அட்டையாக மாற வேண்டும். அட்டையின் தலையில் வாய்க்காலின் பெயர். அதன் கீழே மற்றெல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் திறக்கும் நாளும் நேரமும். பின்பு மூடும் நேரம். கடைசியில் தொட்டால் அழைப்புப் போகும்படியான தொலைபேசி இலக்கம். ஏக்கர் கணக்கு அங்கே முதன்மையன்று, சிறிய எழுத்தில் இருந்தாற் போதும். ஒவ்வொரு கலத்துக்கும் டேட்டா-லேபிள் என்ற பண்பில் நிரலின் பெயரை எழுதிவைத்து, குறுகிய திரையில் நிரையையும் கலத்தையும் பிளொக்காக (ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும் பெட்டியாக) மாற்றி, அந்தப் பெயரைக் கலத்தின் முன்னே வரச் செய்யலாம். இப்படி மாற்றும்போது சில உலாவிகளில் திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) அதை அட்டவணை என்று அறிவிப்பதை நிறுத்திவிடும். எனவே ரோல் பண்பில் அட்டவணை, நிரை, கலம் என்பவற்றை மீண்டும் எழுதிவிடுங்கள்.

மாதவாரியான மழைவீழ்ச்சி, பல ஆண்டுகளின் விளைச்சல் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றை நிரலுக்கு நிரல் ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். அவற்றை அட்டவணையாகவே விட்டு, ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ கொடுத்த ஒரு பெட்டிக்குள் வைத்து, முதல் நிரலை ஸ்டிக்கியாக இடப்பக்கம் ஒட்டவையுங்கள். பக்கம் அசையாது, அட்டவணை மட்டும் பெட்டிக்குள் பக்கவாட்டில் நகரும், பெயர் கண்ணை விட்டு மறையாது. 2018இல் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.1 அணுகல் வழிகாட்டி, 320 பிக்சல் அகலத்தில் பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளாமல் வாசிக்க முடிய வேண்டும் என்று சொல்கின்றது. இப்படிப்பட்ட தரவு அட்டவணைகள், வரைபடங்கள் போன்றவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. கணினியிலேயே இதைச் சோதிக்கலாம்: 1280 பிக்சல் சாளரத்தை 400 வீதத்துக்குப் பெரிதாக்கினால் 320 பிக்சல் கிடைக்கும்.


முள்ளியவளை ஆசிரியை எழுதியது:

அறிவியல்நகர் அவர்கள் சொன்னவை எல்லாம் சரி. எழுத்தைப் பற்றி மட்டும் சிறிது சேர்க்க விரும்புகின்றேன். பாடசாலை அறிவித்தல்களை இதே தொல்லைகளோடு பல நாள் போட்டுப் பழகியவள் நான்.

பாமினிக் கடிதத்தைப் படமாகப் போடுவதை விட்டுவிடுங்கள். ஏ4 கடிதத்தின் படம் 360 பிக்சலுக்குச் சுருங்கும்போது அதிலுள்ள எழுத்தும் அதே விகிதத்தில் சுருங்கும். படத்துக்குள் இருக்கும் வரிக்கு அடுத்த வரியில் மடிந்து விழத் தெரியாது. பாமினி எழுத்தை அப்படியே வெட்டி ஒட்டினாலோ, அது உள்ளே ஆங்கில எழுத்துகளின் வரிசையாகவே இருப்பதால், அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் வாசித்துத் திருத்திவிட்டுப் போடுங்கள். அதன்பின் அது எந்தத் திரைக்கும் தானாக மடியும், தேடினாலும் அகப்படும்.

இரண்டாவது, பெட்டிகளுக்கு நிலையான உயரம் கொடுக்காதீர்கள். ஆங்கில எழுத்தைக் கொண்டு இறுக்கமாக அளந்த பொத்தானில் "குழு" என்று எழுதிப் பாருங்கள். உகரச்சுழி கீழ்விளிம்பில் வெட்டுப்பட்டு, "கழ" என்று வாசிக்கும் நிலை வரக்கூடும். எங்கள் பள்ளிப் பக்கத்தில் "கூட்டம்" என்ற சொல்லின் கீழ்ப்பகுதி அப்படித்தான் போனது. உயரத்தை உள்ளே இருக்கும் எழுத்தும் சுற்றியுள்ள இடைவெளியுமே தீர்மானிக்கட்டும். வரியுயரத்தை அலகில்லாத எண்ணாக 1.6இலிருந்து 1.8 வரை வையுங்கள். கொம்பும் விசிறியும் புள்ளியும் சுழியும் ஒன்றோடொன்று முட்டாமல் நிற்கும். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். தேடற்பெட்டியில் அதற்குக் குறைந்தால் ஐபோன் அந்தப் பெட்டியைத் தொட்டவுடன் பக்கத்தையே பெரிதாக்கி இழுத்துவிடும்.


வரம்போரம் எழுதியது:

அண்ணாவுக்கும் ஆசிரியை அவர்களுக்கும் உளமார்ந்த நன்றி. வியூபோர்ட் வரி உண்மையிலேயே இருக்கவில்லை. சேர்த்தவுடன் பக்கம் சொன்னபடியே குலைந்து, பின்பு வெளிப்பெட்டியின் அகலத்தை மாற்றியதும் ஒழுங்குக்கு வந்தது. அட்டவணையை அட்டைகளாக்கிவிட்டேன். சாளரத்தை விரித்துப் பார்த்தபோது ஏழு நிரல்களும் நெருக்கமில்லாமல் நிற்கத் தொடங்கும் இடம் 48 எம்மாக இருந்தது. அதற்குக் குறைந்தால் அட்டைகளாக மாறும்படி எழுதியிருக்கின்றேன். பெரியப்பாவிடம் தொலைபேசியைக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றேன். தம் வாய்க்காலின் அட்டைக்கு விரலால் தள்ளிக்கொண்டு போய், நேரத்தை வாய்விட்டு வாசித்தார். சரியாக வாசித்தார்.

இரண்டு குறைகள் மீதமிருக்கின்றன. பக்கம் இன்னும் வலப்பக்கமாக ஒரு விரலளவு அசைகின்றது. ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் (பக்கவாட்டில் வெளியே நீள்வதை மறைக்கும் விதி) என்று போடி குறிச்சொல்லுக்கு, அதாவது முழுப்பக்கத்துக்கும், எழுதினால் அசைவு நிற்கின்றது, ஆனால் மழைவீழ்ச்சி அட்டவணையை வைத்திருக்கும் பகுதிக்கும் அதையே கொடுத்தபோது ஒட்டவைத்த தலைப்பு ஒட்டுவதில்லை. மற்றது, கமநல சேவை நிலையத்தின் அறிவித்தற் பலகையில் ஒட்டுவதற்கு இதே பக்கத்தை அச்சிட்டேன். தாளிலும் அட்டை அட்டையாக எட்டுப் பக்கம் வந்துவிட்டது.


நெடுங்கேணி எழுதியது:

அசைவை மறைக்காதீர்கள், அதைச் செய்கின்ற உறுப்பைக் கண்டுபிடியுங்கள். மறைத்தால் வெளியே நீண்ட பகுதி வாசிப்பவருக்கு எட்டாமலே போய்விடும். ஸ்டிக்கி உறுப்போ தன்னைச் சுற்றியுள்ள, ஓவர்ஃப்ளோ மாற்றப்பட்ட மிக அண்மைய பெட்டியைத்தான் தன் எல்லையாகக் கொள்ளும். நகராத பெட்டிக்குள் அது ஒட்ட இடமில்லை. பக்கத்திலுள்ள எல்லா உறுப்புகளுக்கும் தற்காலிகமாகச் சிவப்பு அவுட்லைன் (இடமெடுக்காத வெளிக்கோடு) கொடுத்துப் பாருங்கள். போர்டர் வேண்டாம், அது தானே இடமெடுத்து அளவை மாற்றிவிடும். எந்தச் சிவப்புக்கோடு திரைக்கு வெளியே போகின்றதோ அதுவே காரணம்.

தமிழ்ப் பக்கங்களில் நான் கண்டவரை, பெரும்பாலும் அது ஒரு நீண்ட சொல்லாக இருக்கும். உங்கள் தலைப்பில் "முகாமைத்துவக்குழுவினருக்கான" போன்ற ஒரு சொல் பெரிய எழுத்தில் இருக்கின்றதா என்று பாருங்கள். விகுதியும் வேற்றுமையும் சேரச்சேர நம்முடைய சொல் நீள்கின்றது, உலாவியோ இடைவெளியில் மட்டுமே மடிக்கும். ஃபிளெக்ஸ் பெட்டிக்குள் (உறுப்புகளைப் பக்கம்பக்கமாக அடுக்கும் பெட்டிக்குள்) இருக்கும் உறுப்பு, தன்னுள் இருக்கும் மிக நீண்ட சொல்லைவிட ஒடுங்குவதற்கு இயல்பாகவே மறுக்கும். ஆகவே அந்த ஒரு சொல் முழுப்பக்கத்தையும் தள்ளிவிடும். அந்த உறுப்புக்கு மின்-விட்த் 0 கொடுங்கள். தலைப்புக்கு ஓவர்ஃப்ளோ-ராப் எனிவெயர் கொடுங்கள். கண்ட இடத்தில் சொல் உடைவது உங்களுக்குப் பிடிக்காவிட்டால், "முகாமைத்துவக்" என்பதற்குப் பின் டபிள்யூபிஆர் குறிச்சொல்லை வையுங்கள். இடம் போதாதபோது மட்டும் அங்கே மடியும். தலைப்பின் அளவை கிளாம்ப் கொண்டு எழுதுவதும் நல்லது: கீழெல்லை 1.4 ரெம் (ஒரு ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு), மேலெல்லை 2.2 ரெம், இடையில் ஒரு ரெம்மோடு திரையகலத்தின் 2 வீதத்தைக் கூட்டியது. திரையகலத்தை மட்டும் வைத்து அளவு கொடுத்தால் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு எழுத்து பெரிதாகாது.

படங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. குளத்தின் படம் உங்கள் முதற்பக்கத்தில் இருந்தால் அதை 400, 800, 1200 பிக்சல் அகலங்களில் மூன்றாகச் செய்து, படக் குறிச்சொல்லின் எஸ்ஆர்சி-செட் என்ற பண்பில் மூன்றையும், சைஸஸ் என்ற பண்பில் அது திரையில் எடுக்கும் இடத்தையும் எழுதுங்கள். தொலைபேசி தனக்கு வேண்டியதை மட்டும் இறக்கும். முற்கொடுப்பனவில் டேட்டா போட்டுப் பார்ப்பவருக்கு நாலு மெகாபைட் படத்தை ஏற்றிவிடுவது நியாயமன்று. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் குறிச்சொல்லில் எழுதிவிட்டால், அது வந்து சேரும்போது கீழே இருக்கும் அட்டைகள் துள்ளாது. நேரத்தைத் தொடப்போன விரல் வேறொன்றைத் தொடுவது அந்தத் துள்ளலால்தான்.

இனி அச்சு. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற சிஎஸ்எஸ் கணக்கில் அது ஏறத்தாழ 794 பிக்சல். இருபுறமும் ஓரத்தைக் கழித்தால் உங்கள் 48 எம்முக்கு, அதாவது 768 பிக்சலுக்குக் குறைந்துவிடும். உலாவி தாளையும் ஒரு குறுகிய திரையாக எண்ணி அட்டைகளாக்கிவிட்டது. அந்த மீடியா குவரியின் தொடக்கத்தில் ஸ்கிரீன் என்ற சொல்லைச் சேர்த்து, விதியைத் திரைக்கு மட்டும் உரியதாக்குங்கள். பிரிண்ட்டுக்கு வேறாக ஒரு விதி எழுதி, பட்டியையும் படத்தையும் அதில் மறைத்து, எழுத்தைக் கறுப்பாக்கி, நிரைக்கு பிரேக்-இன்சைட் அவாய்ட் கொடுங்கள். ஒரு வாய்க்காலின் விவரம் இரண்டு தாளில் பிளவுபடாது. தலைப்பு நிரையைத் தீஹெட் என்ற அட்டவணைத் தலைப்புக் குறிச்சொல்லுக்குள் வைத்திருந்தால் அது ஒவ்வொரு தாளின் மேலும் மீண்டும் அச்சாகும். ஏழு நிரலும் நெருக்கினால் பேஜ் விதியில் தாளைக் கிடையாகத் திருப்பிவிடுங்கள். எந்தத் திகதியில் திருத்தியது என்பதைத் தாளின் தலையில் பெரிதாக அச்சிட மறக்காதீர்கள்; முறை மாறிய பின்பும் பழைய தாள் பலகையிலேயே கிடக்கும்.